இருபது வருஷம் தாமதமான திருத்தம்

அன்புள்ள மகனே,

க்ஷேமலாபங்களையெல்லாம் கோதை வீட்டாருக்கு எழுதித் தீர்த்துவிட்டேன். உனக்கு நேராக விஷயத்தைச் சொல்கிறேன். முதல் பத்தியில் விஷயம் வராத செய்தியை எவனும் படிக்கமாட்டான் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். விஷயம் இது: தை மாதம் உனக்குக் கல்யாணம். மறுநாள் காலை நீயும் கோதையும் வாலாஜாபாத் பக்கத்திலுள்ள தென்னேரிக்குப் போய், ஏரிக்கரையில் இருக்கும் கல்லின் முன்னால் நிற்க வேண்டும். போகும்போது இந்தக் கடிதம் அச்சான பொங்கல் மலரில் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொள்.

மாலை வாடுவதற்குள் செத்தவருடைய கல்லைப் பார்க்கப் போவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம். உன் பத்திரிகை ஆசிரியர் மலருக்காக, கல்யாணமாகப் போகும் மகனுக்குத் தகப்பன் எழுதும் புத்திமதி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், நான் கோடு போட்டிருக்கும் இரண்டு வரியை மட்டும் தொடக்கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரியென்றார். பிழை திருத்த இது உன் மேஜைக்குத்தான் வரும். அந்த இரண்டு வரியை நீயும் தொடாதே.

உன் வருங்கால மாமனார் வரதன், தன் மனைவியையே இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்டவர் என்பது சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. இரண்டாவது கல்யாணத்தில் நீயும் இருந்தாய், நாலு வயது. சர்க்கரைப் பொங்கல் கைபடாமல் இருக்க உன்னைத் தூணில் துண்டால் கட்டி வைத்திருந்தாள் உன் அம்மா. ஆனால் அந்த வேடிக்கைக்கு அடியில் என் பிழை ஒன்று இருக்கிறது. அதை இதுவரை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

யுத்தம் தொடங்கிய வருஷம், புரட்டாசி மாதம், நவராத்திரி ஆரம்பித்த நாட்களில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து குண்டு போட்டது. நான் அப்போது பட்டணத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். பொழுது விடிந்து கடற்கரைக்குப் போனபோது மண்ணெண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. சட்டி பானையோடு ஜனங்கள் ஸ்டேஷனை நோக்கி ஓடினார்கள். நான் எதிர்த்திசையில் நடந்தேன், பெருமையாக. துறைமுகத்தில் இறந்தவர்களைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒருவரை மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முகம் பார்க்கும் நிலையில் இல்லை. தலையில் முண்டாசாக ஒரு பட்டுக்கரை அங்கவஸ்திரம் சுற்றியிருந்தது. சரிகைக் கரையின் ஓரத்தில் ஒற்றைப் பச்சை இழை ஓடியது.

அந்த இழையை எனக்குத் தெரியும். வரதன் என் பாலிய சிநேகிதன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. அவன் முதல் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு அந்த அங்கவஸ்திரம். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஏகாம்பரத்திடம் சொல்லி, வேறு யாரிடமும் இருக்கக்கூடாது என்று அந்தப் பச்சை இழையை விடச் சொன்னவனே நான்தான். வரதன் தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். இரண்டு நாளாக ஆள் வரவில்லை என்றார்கள். உடனே காஞ்சிபுரத்துக்குத் தந்தி கொடுத்தேன். வரதனின் தகப்பனாரும் ஏகாம்பரமும் ரயிலேறி வந்தார்கள். ஏகாம்பரம் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் கைதான் சாமி" என்று அழுதுவிட்டார். அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? நம் ஊரில் ஒரு மனிதனின் சாயலில் சந்தேகம் வரலாம், கரையில் சந்தேகம் வராது. பட்டணத்து டாக்டர் ஒருவர் மட்டும், "உயரம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் கொடுத்த துணி எனக்குத் தெரியாதா?

இறந்தவர் இன்னார் என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினேன். சிநேகிதனைப் பற்றியதாயிற்றே, கண்ணீரோடு எழுதினேன். நன்றாக வேறு எழுதிவிட்டேன். ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார். வரதனின் தகப்பனார் பட்டணத்திலேயே மந்திரத்தோடு கொள்ளி வைத்தார். அதற்கு முன் ஏகாம்பரம் அங்கவஸ்திரத்திலிருந்து ஒரு முழம் கரையைக் கிழித்து எடுத்து வந்தார். அது வரதனின் மனைவி அலமேலுவின் பெட்டிக்குப் போயிற்று. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தலையை மழிக்க நாள் பார்த்தார்கள். அவள் மாமியார் நடுக்கூடத்தில் நின்று, "என் பிள்ளை முகத்தை யார் பார்த்தேள்? கரையைத்தானே பார்த்தேள்? வருஷம் முடியட்டும். அதுவரைக்கும் இவ தலைல ஒருத்தர் கை வெக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டே பேர், அந்த டாக்டரும் அந்த அம்மாளும். நிருபர் கேட்கவில்லை.

மகனே, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு இதில் ஒரு சமாசாரம் இருக்கிறது. ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நாம் சத்தியம் செய்யும்போது, நாம் அவருக்குக் கொடுத்ததை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறோமா என்று யோசித்துப் பார். கோதையைச் சிறு வயதிலிருந்தே உனக்குத் தெரியும். தெரியும் என்பதாலேயே தினம் ஒரு தடவை முகத்தைப் பார்.

பதினோரு மாதம் கழித்து, ஆவணியில் ஒரு நாள், வரதன் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் இறங்கித் தன் வீட்டுக்கு நடந்து வந்தான். கோட்டு, பூட்ஸ், அடர்த்தியான மீசை. கூடத்தில் இலை போட்டு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு யாருக்குப்பா மாசிகத் திதி?" என்று வாசலிலிருந்தே கேட்டான்.

அவன் தகப்பனார் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த நெய்க் கிண்ணம் விழுந்தது. ஆனாலும் சாஸ்திரம் படித்த வாய் அல்லவா? "உனக்குத்தான்டா" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து ஓடினார். மற்றவர், இரண்டாம் தரம் பாயசம் வருகிற நேரம், இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். ரங்கூனில் நல்ல வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கடல் தாண்டுகிறேன் என்று சொன்னால் அப்பா விடமாட்டார் என்பதால், யாரிடமும் சொல்லாமல் வரதன் கப்பலேறிவிட்டான். குண்டு விழுவதற்கு இரண்டு நாள் முன்னால். துறைமுகத்துக்குள் நின்ற கப்பலுக்கு ஒரு படகுக்காரர் அவனைக் கொண்டுபோய் விட்டார். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கப் படகிலேயே உடை மாற்றிக் கோட்டு போட்டுக்கொண்டான். கழற்றிய அங்கவஸ்திரத்தைப் பார்த்துப் படகுக்காரர், "அட, நம்ம காஞ்சிபுரத்துச் சரக்கு! எனக்குத் தென்னேரி சாமி. எங்க ஏரியப் பாத்தா இந்தக் கடலு உங்களுக்குக் குட்டை மாரி இருக்கும்" என்றாராம். ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் வரதன் அதை அவர் தோளிலேயே போட்டு, "ஊருக்குப் போறச்சே கட்டிண்டு போ" என்று சொல்லி ஏறிவிட்டான். அவர் பெயர் முனுசாமி. ரங்கூனிலிருந்து வரதன் எழுதிய ஒரே கடிதம் யுத்தக் குழப்பத்தில் எங்கோ போய்விட்டது.

சேதி கேட்டுப் பட்டணத்திலிருந்து ஓடிவந்த என்னிடம் வரதன் அன்றே இதையெல்லாம் சொன்னான். "அப்படின்னா போனது முனுசாமி. நீதான் அவா ஆத்துக்குப் போய்ச் சொல்லணும். நீதானே பத்திரிகைல போட்டே?" என்றான். சரியென்றேன். பட்டணத்துக்குத் திரும்பியதும் நான் எழுதியது நாலு வரி: போன வருஷம் இறந்ததாகப் பிரசுரித்த காஞ்சிபுரம் வரதன் சுகமாக ஊர் திரும்பினார், மகிழ்ச்சி. அவ்வளவுதான். உயிரோடு இருப்பவரைச் சொன்னேன், இறந்தவரைச் சொல்லவில்லை. சொன்னால் போன வருஷம் நான் வாங்கிய பாராட்டு முழுதும் கெட்டுப்போகும். தென்னேரிக்கும் போகவில்லை. விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஊர், ஒரு ஏரி, ஒரு பெயர். இதைவிடக் குறைந்த விவரத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தவன் நான்.

இதற்குள் காஞ்சிபுரத்தில் வரதனின் தகப்பனார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். காரியம் நடந்துவிட்ட மனிதன் திரும்பி வந்தால் அவன் மறுபடி பிறக்க வேண்டும் என்று சாஸ்திரத்தில் இருக்கிறது. பிறந்து, பெயர் வைத்து, சோறு ஊட்டி, பூணூல் போட்டு, தன் பெண்டாட்டியையே திரும்பவும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். நாள் பார்த்தது பத்து நாள் கழித்து. அதுவரை வரதன் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தான். தன் வீட்டு வாசலில் காலை வைத்தால், "நீ இன்னும் பொறக்கலை, அங்கேயே இரு" என்பார் தகப்பனார். அலமேலு ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததைத் தெருவே பார்த்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வரதன் மறுபடி பிறக்க வேண்டிய நாள் காலையில் ஊரே கூடிவிட்டது. மடைப்பள்ளியிலிருந்து பெரிய அண்டா வந்தது. தண்ணீரை நிரப்பி நெய் விட்டு, மீசை எடுத்த வரதனை அதற்குள், கருவில் இருக்கும் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மந்திரம் முடிந்து நாலு பேர் கைகொடுத்துத் தூக்கியபோது, பின்னாலிருந்து ஒரு மாமி, "பிள்ளையா, பொண்ணா?" என்று சத்தம் போட்டாள். "பிள்ளைதான், ஆனா வழுக்கை விழறது" என்றாள் இன்னொருத்தி. வரதனின் தாயார் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தாள், விரலைக் கடித்தான். நீ தூணிலிருந்து, "இந்தப் பாப்பா நாளைக்கே நடக்குமா?" என்று கேட்டாய். ஏகாம்பரமும் வந்திருந்தார். எல்லோரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா ஏகாம்பரம், ஒன் கைன்னு சத்தியம் பண்ணியே?" "கை என்துதாங்க, அதுல இன்னா சந்தேகம்? ஆளுதான் வேற" என்றார் அசராமல்.

அப்புறம் ஊஞ்சலைத் தொட்டிலாக்கி அவனைப் படுக்க வைத்து, தகப்பனார் காதருகே குனிந்தார். மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். முதல் தடவை சொல்வதற்குள் வரதன் காதைப் பொத்திக்கொண்டான்.

"என்னடா?"

"இருங்கோப்பா. இந்தப் பேர்ல ஒருத்தன் போய்ட்டான். அவன் பேர் என்ன ஆச்சு?" என்று எழுந்து உட்கார்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினான். "ஏண்டா, தென்னேரிக்குப் போய்ச் சொன்னியோ?"

நான் ஏகாம்பரத்தின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"போகலையா? அவன் பெண்டாட்டி இன்னிக்கும் வாசலைப் பார்த்துண்டிருப்பாளேடா. அவன் பேரை அவன் ஆத்துல கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வா. அதுவரைக்கும் எனக்குப் பேர் வேண்டாம்."

விடிந்தால் கல்யாணம். பெயரில்லாத பிள்ளைக்குப் பூணூல் கிடையாது, பூணூல் இல்லாமல் கல்யாணம் கிடையாது. புரோகிதர் கையைப் பிசைந்தார். அலமேலு கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் என்னிடம் வந்து, "ரயிலுக்கு நேரமாறது, கிளம்பு" என்றாள். அலமேலு உள்ளே ஓடி, பெட்டியிலிருந்து அந்த ஒரு முழக் கரையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வரதன் ஊஞ்சலில் திரும்பப் படுத்துக்கொண்டு, "நான் இங்கேயே இருக்கேன். யாராவது ஆட்டுங்கோ" என்றான்.

வாலாஜாபாத்தில் இறங்கி, வண்டி பிடித்து, பகல் சாய்வதற்குள் ஏரிக்கரையில் நின்றேன். முனுசாமி சொன்னதில் தப்பில்லை, ஏரி கண்ணுக்கு எட்டியமட்டும் கிடந்தது. கரைமேல் காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பெண்ணிடம், முனுசாமி என்பவர் வீடு எது என்று கேட்டேன். நெற்றியில் பெரிய குங்குமம்.

"எந்த முனுசாமி? படகு வுடற முனுசாமியா? எங்க ஊட்டுக்காரருதான். பட்டணத்துல இருக்காரு. வருவாரு வருவாருன்னு சொல்லிக்கினு இருக்கேன், ஒரு வருசமாச்சு. நீங்க யாரு சாமி?"

எத்தனையோ மரணங்களை எழுதியவன் நான். மடியிலிருந்து பட்டுக்கரையை எடுத்து, கோணல்மாணலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெயர் செல்லம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்தாள். கத்தவில்லை. வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இன்னா கெழம? எந்த நேரம்? கூட யாரு இருந்தது? ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா? நான் பதினோரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றைக்கூட விடாமல். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"வரதனோட தகப்பனார்."

"ஐயமாருங்களா? மந்திரம் சொல்லியா?"

"சொல்லித்தான்."

ஈரக் கண்ணோடு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை என் ஆயுள் முழுக்க மறக்கமாட்டேன். "எங்க மனுசன கோயில் தெருவுல நடக்க வுடமாட்டீங்க. அவருக்குப் போயி மந்திரமா? அது காதுல வுழுந்திருந்தா எழுந்து ஓடிருப்பாரே சாமி."

பட்டுக்கரையை அவள் மடியில் வைத்தேன்.

எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "அந்த சாமி பொழச்சி வந்துட்டாரு இல்ல? சந்தோசம். எங்களுக்காகக் கல்யாணத்த நிறுத்தாதீங்க, அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி? போயி பேரு வைங்க." இரண்டடி நடந்து திரும்பினாள். "நீங்க பேப்பர்ல எழுதறவருதானே? செத்தது அந்த சாமின்னு போட்டீங்க. எங்க ஊட்டுக்காரருன்னு எப்பப் போடுவீங்க?"

"அடுத்த வாரம்" என்றேன்.

மாலை ரயிலில் திரும்பினேன். வரதன் ஊஞ்சலிலேயே தூங்கியிருந்தான். சொல்லியாயிற்று என்று எழுப்பினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காதைக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில் தகப்பனார் பெயரை மூன்று தடவை சொன்னார். காலையில் பூணூல், அப்புறம் கல்யாணம். அலமேலு கழுத்தில் தாலி ஏறியபோது அவள் மாமியார் அழுத அழுகையில் நாதஸ்வரம் கேட்கவில்லை. அன்றைக்கும் தூணில் கட்டியிருந்த உன்னை அவிழ்த்துவிட்டார்கள். கோதை இதெல்லாம் முடிந்து, இரண்டாவது வருஷம் பிறந்தவள்.

அடுத்த வாரம் வரவில்லை. ஒரு வருஷப் பழசு, யாருக்கு வேண்டும் என்றார் ஆசிரியர். யுத்தம் முடிந்தபோது மறுபடி எழுதினேன். தூர தேசத்தில் இறந்தவர்களுக்கே இடம் போதவில்லை என்றார்கள். பின்னொரு தடவை நான் எழுதிய நீண்ட கட்டுரையில் கடைசி ஆறு வரியை வெட்டிவிட்டு அங்கே ஒரு தைல விளம்பரம் போட்டார்கள். முனுசாமி அந்த ஆறு வரியில்தான் இருந்தார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உனக்குப் பத்து வயதில் சென்னைக்கு அழைத்துப்போய், குண்டு விழுந்த இடம் என்று சுவரில் பதித்திருக்கும் கல்லைக் காட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "முனுசாமி பேர் எங்கேப்பா?" என்று கேட்டாய். உனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

தென்னேரிக் கல் அப்படியில்லை. முதல் வருஷ நவராத்திரியிலேயே முனுசாமிக்காக வரதனும் ஏகாம்பரமும் சேர்ந்து அதைக் கரையில் நட்டார்கள். ஆசாரி உளியோடு தயாராக நின்றான். செல்லம்மா தடுத்துவிட்டாள். "இங்க வெட்டினா எங்க ஊருக்குத் தெரியும். எங்க ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. பேப்பர்ல வரட்டும், அப்புறம் வெட்டலாம்" என்றாள். அதனால்தான் அது இன்றுவரை மொட்டைக் கல். வருஷா வருஷம் அங்கே போகும்போது ஏன் எழுத்தில்லை என்று நீ கேட்பாய், நான் ஆசாரி வரவில்லை என்பேன்.

அந்தப் பயணங்களில் துக்கம் இருந்ததாக உனக்கு நினைவிருக்காது. எனக்கும் இல்லை. வண்டி நிறையக் கோயில் இட்லி, சுண்டல், ஏகாம்பரத்தின் ஓயாத வாய். முதலில் செல்லம்மா எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். கோதை ஆறு வயதில் ஏரியில் விழுந்த அன்று அது போயிற்று. நாங்கள் நாலு ஆண்கள் கரையில் நின்று சாஸ்திரோக்தமாகக் கூச்சல் போட்டோம். செல்லம்மா குதித்து, தலைமயிரைப் பற்றி இழுத்துக் கொண்டுவந்து போட்டாள். அலமேலு அவளைக் கட்டிக்கொண்டு, நனைந்த புடவையோடு அங்கேயே இலை போட்டு, பக்கத்தில் உட்கார வைத்தாள். "இன்னாமா, ஐயமாரு வூட்டுப் பொண்ணு மீனுகிட்ட போயி வெளையாடுது" என்று செல்லம்மா சொல்ல, வரதனின் தகப்பனார், அத்தனை ஆசாரம் பார்க்கும் அந்த மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கோதையை அவள் இன்றைக்கும் 'மீனு' என்றுதான் கூப்பிடுகிறாள். செத்தவரைப் பார்க்கப் போனால் மங்களம் குறையும் என்று உன்னிடம் யார் சொன்னார்கள்? முனுசாமி பெயரை அவர் வீட்டில் சேர்த்த பிறகுதான் உன் மாமனாருக்குப் பெயர் வைத்தோம். முனுசாமி மனைவி ஏரியிலிருந்து இழுத்துக் கரை சேர்த்தவளைத்தான் நீ கைபிடிக்கப் போகிறாய்.

புத்திமதி எழுதச் சொன்னார்களே, எழுதிவிடுகிறேன். கோதையிடம் நீ தப்புச் செய்வாய். நிச்சயம் செய்வாய், என் மகன் அல்லவா? அப்போது பாதித் திருத்தம் போடாதே. சந்தோஷமான பாதியை மட்டும் சொல்லிவிட்டு, உனக்கு வலிக்கிற பாதியை விட்டுவிடாதே. நாலு பேர் நடுவில் அவளைத் தப்பாகச் சொன்னால், அந்த நாலு பேர் நடுவிலேயே திருத்து. அறைக்குள் வந்து மெதுவாகச் சொல்வது திருத்தமாகாது. முக்கியமாக, அடுத்த வாரம் என்று சொல்லாதே. எனக்கு அந்த அடுத்த வாரம் வர இருபது வருஷமாயிற்று.

என் முழங்கால் இனி வண்டி ஏறாது. இந்தப் புரட்டாசியோடு என் தென்னேரிப் பயணம் முடிந்தது. போய் வருகிறேன் என்று சொன்னபோது செல்லம்மா, "பேப்பர் சாமி, நீங்க வராட்டி போவுது, பேப்பர அனுப்புங்க" என்றாள். ஏகாம்பரம் உனக்கு அங்கவஸ்திரம் நெய்து முடித்துவிட்டார். கரையோரம் பச்சை இழை இருக்கும். நான் கேட்கவில்லை, அவராகவே விட்டிருக்கிறார். தென்னேரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போ. ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கரையில் காத்திருப்பான்.

நான் கோடு போட்ட இரண்டு வரி கீழே இருக்கிறது:

திருத்தம்: யுத்தம் தொடங்கிய வருஷம் எம்டன் குண்டு வீச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறந்ததாகப் பிரசுரித்த காஞ்சிபுரம் வரதன் இறக்கவில்லை.
இறந்தவர், படகோட்டி, தென்னேரி முனுசாமி. பிழை எழுதியவனுடையது, வருந்துகிறேன்.

செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்க போட்டிருக்குது என்று கேட்பாள். வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடாதே. கோதை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, அவர் பெயரின் முதல் எழுத்தில் அவள் விரலை வை. விரல் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஆசாரியைப் பார்த்துத் தலையசை.

இப்படிக்கு,
அப்பா